எது அடி, எது நுனி

முதல் உத்திரம் துளைக்குள் இறங்கி உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் குமசாகி யசுஜிக்கு மூச்சு சீராக வந்தது. டொக் என்று ஒரே சத்தம். கொட்டாப்புளியால் இன்னொரு அடி கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதமாகப் பட்டறையில் ஒண்டியாகக் குனிந்து கோடு போட்டு, அறுத்து, உளியால் செதுக்கிய இருநூற்றுச் சொச்சம் மரங்கள். அவை ஒன்றின் முகத்தை ஒன்று பார்ப்பது வீட்டை நிமிர்த்துகிற இந்த ஒரே நாளில்தான். முன்கூட்டிப் பொருத்திப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. பொருந்தினால் மேஸ்திரி. பொருந்தாவிட்டால் பள்ளத்தாக்கு முழுக்க ஆறு மாதத்துக்குச் சிரிக்க ஒரு விஷயம் கிடைக்கும்.

சிரிப்பதற்கென்றே ஏழு பேர் வந்திருந்தார்கள். ஏழு பேரும் தச்சர்கள், ஏழு பேரும் அவரவர் ஊரில் மேஸ்திரிகள். இன்று என் வீட்டை நீ நிமிர்த்து, அடுத்த மாதம் உன் வீட்டை நான் நிமிர்த்துகிறேன் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. உதவிக்கு வருகிறார்கள் என்று பெயர். கண்ணெல்லாம் அடுத்தவன் போட்ட இணைப்பில்தான் இருக்கும்.

"என்ன யசு, துளை கொஞ்சம் இறுக்கமா இருக்கும்போலயே?" என்றான் மேலே உத்திரத்தில் குதிரை ஏறினாற்போல் உட்கார்ந்திருந்த தமோட்சு. இவர்கள் இருவரும் ஒரே பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். இப்போது பக்கத்துப் பள்ளத்தாக்கில் தமோட்சு தனியாகத் தொழில் செய்கிறான்.

"இறுக்கம் இல்லடா, உன் கை தளந்து போச்சு. போன மாசம் நீ கட்டின வீட்டு மாடிப்படி ஆடுறது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத."

"அது ஆடல. அவங்க வீட்டு நாய் ஏறும்போது மட்டும் கொஞ்சம் அசையுது."

கிரேன்காரர்கூடச் சிரித்தார். யசுஜியும் சிரித்தார். ஒவ்வொரு உத்திரமும் இறங்க இறங்க அவர் நெஞ்சுக்குள்ளே ஏதோ ஒன்று ஒவ்வொரு மரையாகக் கழன்றுகொண்டே வந்தது. வானம் வேறு பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலையிலிருந்து மூன்று நாள் மழை என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அதனால் என்ன, இன்று மாலைக்குள் கூரை உச்சிக்கு மோட்டு வளையை ஏற்றி, மேலே தார்ப்பாய் போர்த்திவிட்டால் போதும். பிறகு மழை பெய்யட்டும், பனி கொட்டட்டும்.

வீட்டுக்காரி கஜிடா ரிட்சுகோ பத்து மணிக்கு டீயும் இனிப்பு பன்னும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைக்கிற கூடத்துக்குத் தலைவி. தினமும் நானூற்று இருபது பிள்ளைகளுக்கு. புருஷனைப் பிரிந்து, செருப்புக்கடை மாடியில் பதினைந்து வருஷம் வாடகைக்கு இருந்து, இப்போது தனக்கென்று ஒரு வீடு கட்டுகிறாள். சூரியத் தகடு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சுவருக்குள் பஞ்சு அடைப்பு எல்லாம் உண்டு. ஆனால் எலும்புக்கூடு மட்டும் கையால் செதுக்கிய மரமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்கிறவர்கள் இப்போது நிறையவே இருக்கிறார்கள்; யசுஜிக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை வரிசையில் நிற்கிறது.

அவள் கண் அடிக்கடி போய் நின்றது நடுத்தூணின் மேல்தான். ஒரு சாண் அகலச் சதுரம், இருபது அடி உயரம், தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே ஹினோகி மரம். பிப்ரவரியில், முழங்கால் பனியில், அறுவை மில் இகுயோவோடு மலையேறிப் போய் அவளே உள்ளங்கையை வைத்து "இதுதான்" என்று சொன்ன மரம். அழுக்குப் படாமலிருக்க வெள்ளைக் காகிதம் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு உத்திரங்கள் அதற்குள் வந்து சேர்ந்திருந்தன. அந்த நான்கும் சேர்ந்ததைப் பார்த்துத்தான் ஏழு மேஸ்திரிகளும் ஒரு நிமிஷம் வாயை மூடினார்கள். தச்சர்கள் பாராட்டுவது அப்படித்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ரிட்சுகோ காளான் சாதமும், பன்றிக்கறி போட்ட மிசோ சூப்பும் ஒரு பெரிய அண்டாவில் கொண்டுவந்தாள். பத்துப் பேருக்குச் சமைத்துப் பழக்கமில்லாதவள் என்பது அண்டாவைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லோரும் பலகைக் கட்டுகள் மேல் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது, கழுத்தில் சிவப்பும் வெள்ளையுமாய்க் கயிறு கட்டிய பெரிய சாக்கே அரிசி மதுப் பாட்டிலைக் குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு இகுயோ வந்து இறங்கினாள்.

இகுயோவுக்கு அறுபது வயது. அறுவை மில்லின் முதலாளி. மில்லின் ரம்பத்தைவிட அவள் வாய்க்குச் சத்தம் அதிகம்.

"என்னப்பா யசு! வீடு தானா நிக்குதா, இல்ல கிரேன் தூக்கிப் பிடிச்சிருக்கா?"

"கிரேன்காரர் சாப்பிட உக்காந்துட்டார் அக்கா. வீடு தானாத்தான் நிக்குது."

"பாத்தியா, மரம் நல்லா இருந்தா எப்பேர்ப்பட்ட தச்சனும் பொழைச்சுக்குவான்." அவள் நேரே நடுத்தூணிடம் போய்க் காகிதத்தின் மேல் தட்டினாள். "இந்த வருஷம் எங்க மில்லுல இருந்து போனதுலயே இதான் ஒசத்தி. நகோயா ஏலத்துக்குப் போயிருந்தா அவனுங்க கட்டிப் புரண்டு சண்டை போட்டிருப்பானுங்க. அவனுங்க தொல்லை தாங்காமத்தானே மை அடிக்கிறதையே மாத்தினேன்."

"எந்த மை?" என்றார் யசுஜி.

"அதான், மரத்து முனையில அடிக்கிற சிவப்பு மை. முன்னெல்லாம் அடிப்பக்கம் அடிப்போம்ல? ஏப்ரல்ல இருந்து நுனிப்பக்கம். எல்லா மில்லும் அப்படித்தான் பண்றாங்களாம், நாம மட்டும் மாத்தி அடிச்சா குழப்பமா இருக்காம். தம்பி ரொகுரோகிட்ட சொல்லிட்டேன், இனிமே நுனியிலதான் சிவப்புன்னு. உன்கிட்ட சொன்னேன்ல?"

சொல்லவில்லை. யசுஜி வாயிலிருந்த சூப்பை விழுங்கினார். அது இறங்கிய இடமெல்லாம் சுட்டது. நடுத்தூண் மரத்தை வெட்டியது பிப்ரவரியில் என்றாலும், அறுத்து மை அடித்தது மே மாதத்தில்.

இருபத்தாறு வருஷமாக அவருக்குச் சிவப்பு என்றால் அடி. மரம் மண்ணில் எந்தப் பக்கம் ஊன்றி நின்றதோ அந்தப் பக்கம் கீழே வர வேண்டும், நுனி மேலே போக வேண்டும். தச்சனாகப் பிறந்தவன் எவனும் தூணைத் தலைகீழாக நிறுத்த மாட்டான். அப்படி நிறுத்திய வீடு முனகும், தீப்பிடிக்கும், குடியிருப்பவர்களுக்கு ஆகாது என்பார்கள். அதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் தச்சர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, தூணை ஒன்றுக்கு இரண்டு தரம் திருப்பிப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள்.

வேறு எந்தத் தூணாக இருந்தாலும் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. சாதாரணத் தூணில் ரேகைகள் மூங்கில் குருத்து மாதிரி கூராக எழும்பி நிற்கும். அந்தக் கூர் நுனியைக் காட்டும். இல்லையென்றால் ஒரு முடிச்சாவது இருக்கும். கிளை எந்தப் பக்கம் சாய்ந்து போனதென்று அது சொல்லிவிடும். இந்த மரமோ முடிச்சே இல்லாத, நூல் பிடித்தாற்போன்ற நேர் ரேகை. அழகி என்றால் அழகி. அடையாளம் மட்டும் ஒன்றும் கிடையாது. அப்போதும்கூடத் தெரிய ஒரு வழி உண்டு. கையால் இழைத்தால் தெரியும். இழைப்புளி ஒரு பக்கமிருந்து போனால் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ப்பக்கமிருந்து போனால் மரம் சிலிர்த்துக்கொள்ளும். எந்தத் தூணையும் யசுஜி தன் கையால் இழைக்காமல் நிறுத்தியதில்லை, இது ஒன்றைத் தவிர. ஜூலையில் நழுவிய உத்திரத்தைப் பிடிக்கப் போய் வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. நாள் ஓடிக்கொண்டிருந்தது. சரி, ஒரே ஒரு தடவைதானே என்று மில்லிலேயே இயந்திரத்தில் இழைத்துக் காகிதம் சுற்றி அனுப்பச் சொல்லிவிட்டார். காகிதத்துக்கு வெளியே எட்டிப் பார்த்த சிவப்பு முனையைப் பார்த்தார். இது கால் என்று முடிவு செய்தார். அந்த முனையைச் சிறிது அறுத்துவிட்டு அடித்தளத் துளைக்குள் இறங்குகிற நாக்கைச் செதுக்கினார். அதிலிருந்து அளந்து மேலே மேலே துளை போட்டார். அறுத்த துண்டு அன்றைக்கே அடுப்புக்குப் போய்விட்டது.

ஒரே ஒரு தடவைதானே என்று நினைத்ததை நினைக்க அவருக்குத் தன்னையே ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அந்த நான்கு உத்திரங்களுக்கும் தமோட்சு ஆப்பு அடிப்பான். பிறகு மேல்மாடித் தூண்கள், கூரை உத்திரங்கள், மோட்டு வளை. ஆப்பு இறங்கி, கூரையும் ஏறிவிட்டால் நடுத்தூணை இந்த ஜென்மத்தில் யாரும் வெளியே எடுக்க முடியாது. இப்போது எடுக்கலாம். எடுத்தால் நாள் போயிற்று, நாளைக்கு மழை, துளை போட்ட தூணைத் திருப்பி நிறுத்தவும் முடியாது. மலையில் வேறு மரம் பார்த்து, அறுத்து, காய வைத்து… ஒரு வருஷம். ரிட்சுகோ செருப்புக்கடை மாடியிலேயே இன்னொரு வருஷம்.

சொல்லாமல் விட்டால்? யாருக்கும் தெரியப்போவதில்லை. இகுயோ அக்காவே சொன்னதை மறந்துவிட்டு, சூப்பில் சேப்பங்கிழங்கு போதாது என்று ரிட்சுகோவிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த யோசனை வந்தபோது யசுஜிக்குப் பயமாக இருந்தது. அது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் பயம்.

எழுந்துபோய் இகுயோவின் தோளைத் தொட்டு லாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். விஷயத்தைச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக இகுயோவுக்குப் பேச்சு வரவில்லை. பிறகு வந்தது.

"அடப்பாவி! நான் சொல்லலயா?"

"சொல்லல."

"சத்தியமா சொல்லல?"

"அக்கா, சொல்லியிருந்தா நான் இப்படி நிப்பேனா?"

அவள் உடனே போனை எடுத்துத் தம்பி ரொகுரோவை அழைத்தாள். ரொகுரோ அன்று மலைமேல் மரம் வெட்டப் போயிருந்தான். அங்கே சிக்னல் கிடையாது. மூன்று தடவை முயன்று, மூன்று தடவையும் போனைத் திட்டினாள். வாயில் மென்றுகொண்டே தமோட்சு வந்து சேர்ந்தான். அவனுக்கு மூக்கில் வியர்க்கும். இரண்டு பேர் தனியாகப் பேசினால் அவனால் சும்மா உட்கார முடியாது.

மூவரும் தூணின் காகிதத்தை ஓர் ஓரமாகக் கிழித்துப் பார்த்தார்கள். தமோட்சு கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் கழற்றிவிட்டும் பார்த்தான். "எனக்கென்னமோ சரியாத்தான் நிக்குதுன்னு தோணுது" என்றான். இகுயோ, "எனக்குத் தலைகீழா நிக்கிற மாதிரிதான் தெரியுது" என்றாள். ஆக, தெரியவில்லை.

"சரி, இப்படிப் பண்ணு" என்றான் தமோட்சு, குரலைத் தாழ்த்தி. "வேணும்னேதான் வச்சோம்னு சொல்லிடு. அந்தக் காலத்துல பெரிய பெரிய கோயில்லயே ஒரு தூணை வேணும்னு தலைகீழா நிறுத்துவாங்க தெரியும்ல? குறையே இல்லாம முடிஞ்சா அன்னிக்கே சரிய ஆரம்பிச்சிடும்னு. அதிர்ஷ்டம்னு சொல்லு. அந்தம்மா சந்தோஷமா இன்னொரு கிண்ணம் சூப்பு ஊத்தும்."

"அவங்க தெரிஞ்சு வச்சாங்க. நான் தெரியாம வச்சிருக்கேன்டா."

தமோட்சு தலையாட்டினான். அவனும் தச்சன்தானே.

யசுஜி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ரிட்சுகோவிடம் போனார். அவள் அண்டாவின் அடியைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னார்: மணிக்கட்டு, இயந்திரம், சிவப்பு மை எல்லாவற்றையும். "தப்பு மில் மேல இல்ல. என் கையால இழைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் இழைக்கல."

கரண்டி நின்றது.

"தலைகீழா இருந்தா வீடு விழுந்துடுமா மேஸ்திரி?"

"விழாதும்மா. நூறு வருஷம் நிக்கும்."

"பின்ன?"

"முனகும்னு சொல்வாங்க. ஆகாதுன்னு சொல்வாங்க."

"மத்தவங்கள விடுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

யசுஜி தூணைத் திரும்பிப் பார்த்தார். "தொண்ணூறு வருஷம் மலையில காலூன்றி நின்ன மரம். இன்னும் நூறு வருஷம் உங்க வீட்ல தலையால நில்லுன்னு சொல்ல எனக்கு மனசு வரலம்மா. அப்படித்தான் நிக்குதுன்னா கழட்டிடுறேன். வேற மரம் பாத்து, என் செலவுல, திரும்ப நிமித்தித் தரேன். ஒரு வருஷம் ஆகும்."

ஏழு மேஸ்திரிகளும் கிரேன்காரரும் கிண்ணத்தைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்கள். விஷயம் எப்படியோ பரவிவிட்டது. தமோட்சு இருக்கிற இடத்தில் வேறு எப்படி இருக்கும்.

"கண்டுபிடிக்க வழியே இல்லையா?" என்றாள்.

"ஒண்ணு இருக்கு. இழைச்சுப் பாக்கலாம். மரத்தோட பட்டைப்பக்க முகத்தை மேல இருந்து கீழ இழைச்சா, சரியா நிக்கிற தூணா இருந்தா வழுக்கிட்டு வரும். தலைகீழா இருந்தா உளி மரத்தைக் கிள்ளிடும். பிஞ்சு பிஞ்சு வரும். தழும்பு விழும்." கொஞ்சம் தயங்கினார். "பட்டைப்பக்க முகத்தைத்தான் எப்பவும் கூடத்தைப் பாத்து வைப்போம். நீங்க காலையில எழுந்து வந்ததும் முதல்ல கண்ணுல படுற முகம் அது. ஓரத்துல அரைச் சாண் இழைச்சா ஒண்ணும் தெரியாது; நீளமா இழுத்தாத்தான் மரம் உண்மையச் சொல்லும். இழைக்கிறதுக்கு முன்னாடி நான் மரத்தைப் பத்தி உங்களுக்கு உத்தரவாதம் எதுவும் தர முடியாது."

"தூண் என்னோடதுதானே?"

"உங்களோடது."

"இழைங்க" என்றாள் ரிட்சுகோ.

யசுஜி வண்டியிலிருந்து இழைப்புளியை எடுத்துவந்தார். அலகை வெளிச்சத்தில் பார்த்து, சின்னச் சுத்தியலால் தலையில் இரண்டு தட்டு, பக்கத்தில் ஒரு தட்டு தட்டினார். கூடத்துப் பக்கக் காகிதத்தை இரண்டு கையாலும் கிழித்தார். வெளுத்த ரோஜா நிறத்தில் மரம் தெரிந்தது. ஹினோகி வாசனை சூப்பு வாசனையை ஒதுக்கிவிட்டு வந்தது. ஒரு பலகைக் கட்டைத் தூணருகே நகர்த்தி அதன் மேல் ஏறி, கை எட்டுகிற உயரத்தில் இழைப்புளியை வைத்தார். மணிக்கட்டு வலிக்கவில்லை, ஆறி எத்தனையோ நாளாகிவிட்டது. எடுத்து, அலகை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, மறுபடி வைத்தார்.

"இழுடா" என்றான் தமோட்சு பின்னாலிருந்து. கேலி இல்லாத குரலில் அவன் பேசி யசுஜி கேட்டதே இல்லை.

இழுத்தார்.

ஸ்ஸ் என்று ஒரு சத்தம், நடுவில் எங்கேயும் தட்டாமல், இடறாமல், தலைக்கு மேலிருந்து இடுப்பு வரைக்கும். இழைப்புளியின் வாயிலிருந்து மரச்சீவல் ஒரே நாடாவாக எழுந்து அவர் முகத்தில் வந்து விழுந்தது. அதற்குள்ளாகப் பார்த்தால் எதிரே நின்ற ரிட்சுகோவின் முகம் தெரியும், அவ்வளவு மெல்லிசு. அவர் பலகையிலிருந்து இறங்கி, இழுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினார். ஒரு சிலும்பல் இல்லை. இன்னொரு தரம் ஏறி, பக்கத்திலேயே இன்னொரு கோடு இழுத்தார். அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது.

தமோட்சு வந்து கையால் தடவினான். கை போதாதென்று கன்னத்தையும் வைத்துப் பார்த்தான். மற்ற ஆறு மேஸ்திரிகளும் வரிசையாக வந்து தடவினார்கள், கோயிலில் காளையின் நெற்றியைத் தடவுகிற மாதிரி.

"சரியாத்தான் நிக்குது" என்றான் தமோட்சு. "நான்தான் முதல்லயே சொன்னேன்ல!"

யசுஜி அந்தப் பலகைக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்துகொண்டே இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஐம்பத்திரண்டு வயதில் பத்துப் பேருக்கு முன்னால். ஆனால் நிறுத்த வரவில்லை, நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. இகுயோ மூக்கைச் சிந்திக்கொண்டே, "சரி சரி, மரத்தை நனைக்காத, கறை புடிச்சிடும்" என்று அதட்டினாள்.

ரிட்சுகோ ஒரு கிண்ணத்தில் சூடாகச் சூப்பு ஊற்றிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். "ஆறிப்போனதைக் குடிக்காதீங்க" என்றாள்.

ஒரு மணிக்கு ஆப்பு அடித்தார்கள். நான்கு ஆப்பையும் யசுஜியே அடித்தார். தமோட்சுவைக் கிட்டே விடவில்லை. அதன் பிறகு அந்தக் குழுவுக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். மேல்மாடித் தூண்கள் நின்றன, உத்திரங்கள் பறந்து வந்து உட்கார்ந்தன. கிரேன்காரர் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார். சுருதி என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. காலையில் ஆளுக்கு ஆள் குத்திக்கொண்டிருந்த மேஸ்திரிகள் இப்போது, "யசு, இந்த இணைப்பு நல்லா வந்திருக்கு" என்று வாய்விட்டே சொன்னார்கள். பயந்து பிழைத்த பிறகு மனிதர்களுக்கு வருகிற தாராளம் அது. இரண்டு நாளில் போய்விடும்.

மூன்றே காலுக்கு மோட்டு வளை ஏறி உட்கார்ந்தது. அப்போதுதான் இகுயோவின் போன் அடித்தது. ரொகுரோ மலையிலிருந்து இறங்கிவிட்டான். அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"டேய், பிப்ரவரியில வெட்டினோமே, அந்தக் கஜிடாம்மா மரம், அதுல மை எந்தப் பக்கம் அடிச்ச?"

"அடியிலதான்."

"நான் நுனியில அடின்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"அப்புறம்?"

"நீ தினம் ஒண்ணு சொல்லுவே அக்கா. எல்லாத்தையும் கேட்டா நான் எப்படி வேலை பாக்குறது? ஏலத்துக்குப் போற மரத்துக்கு மட்டும் நுனியில அடிக்கிறேன். நம்ம ஊரு தச்சங்களுக்குப் பழையபடிதான். அவங்களுக்குப் புதுசா சொல்லிக்கொடுத்து யாரு மாரடிக்கிறது?"

இகுயோ வாயைத் திறந்து, இந்த மாதிரித் தம்பியைக் கட்டிக்கொள்வதா உதைப்பதா என்று தெரியாமல், "சாயங்காலம் வீட்டுக்கு வா, சாக்கே வாங்கி வச்சிருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான்கு மணிக்கெல்லாம் ஊர் கூடிவிட்டது. வீடு நிமிர்ந்த நாளில் கூரையிலிருந்து மோச்சி என்கிற அரிசிக் கொழுக்கட்டையை வீசுகிறார்கள் என்றால் அந்தப் பள்ளத்தாக்கில் காய்ச்சல்காரன்கூடப் படுக்கையில் இருக்க மாட்டான். பை விரித்துக்கொண்டும், ஏப்ரனை ஏந்திக்கொண்டும், குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் எழுபது எண்பது பேர் கீழே நின்றார்கள். அதில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், "சமையல் டீச்சர்! இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" என்று கத்தினார்கள். யசுஜி நான்கு மூலையிலும் உப்பும் அரிசியும் தூவி, சாக்கே ஊற்றி, கையைத் தட்டிக் கும்பிட்டார். பிறகு ஏணியில் ரிட்சுகோவைக் கைபிடித்து மேலே ஏற்றிக்கொண்டார்.

தற்காலிகமாகப் போட்ட பலகையில் இருவரும் நின்றார்கள். மேற்கே, நாளைய மழை மலைக்குப் பின்னால் கருப்பாகக் காத்துக்கொண்டிருந்தது. மோச்சிப் பெட்டியைத் திறந்துகொண்டே யசுஜி கேட்டார்.

"மத்தியானம் அவ்வளவு சட்டுனு இழைங்கன்னு சொல்லிட்டீங்களே. தழும்பு விழுந்திருந்தா?"

ரிட்சுகோ கீழே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள் காலையில கறி செஞ்சு வச்சிருந்தேன், நானூறு பேருக்கு. இறைச்சி வச்சிருந்த குளிர்பெட்டி முந்தின ராத்திரி எவ்வளவு நேரம் நின்னு போச்சுன்னு யாருக்கும் தெரியல. மோந்து பாத்தா ஒண்ணும் இல்ல. கூட இருந்தவங்க நல்லாத்தான் இருக்குன்னாங்க. எனக்கு மட்டும் மனசு ஒப்பல. அவ்வளவையும் கொட்டிட்டேன். பிள்ளைங்களுக்கு அன்னிக்கு ரொட்டியும் பாலும்தான். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுத் திட்டினார். பெத்தவங்க போன் பண்ணித் திட்டினாங்க."

"கெட்டுத்தான் போயிருந்துச்சா?"

"அதான் மேஸ்திரி, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கொட்டினது சரியா தப்பான்னு தெரியவே தெரியாது. இப்பவும் எப்பவாவது தூக்கம் வராதப்போ அந்தக் கறியை மோந்து மோந்து பாத்துக்கிட்டுப் படுத்திருப்பேன்." அவள் சிரித்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்குன்னு சொன்னீங்க. நான் எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்?"

யசுஜி யோசித்துப் பார்த்தார். மத்தியானம் லாரிக்குப் பின்னால் போகாமல், சூப்பைக் குடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஆப்பை அடிக்க விட்டிருந்தால்? தூண் இப்போது நிற்கிற மாதிரியே, கால் கீழேயும் தலை மேலேயுமாக, ஒரு குறையுமில்லாமல் நின்றிருக்கும். அவருக்கு மட்டும் அது தெரிந்திருக்காது. செய்யாத ஒரு தப்பைச் சுமந்துகொண்டு, இந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, சாகிற வரைக்கும் போயிருப்பார். அது நடக்கவில்லை என்று உறைத்ததும், வருஷக்கணக்கில் அனுபவித்திராத ஒரு லேசு உடம்பெல்லாம் பரவியது.

"சமையல் டீச்சர்! சீக்கிரம்!" என்று கீழிருந்து கத்தினார்கள்.

"மேஸ்திரி, மிச்சத்தையும் கையாலயே இழைச்சுக் கொடுத்துடுங்க" என்றாள் ரிட்சுகோ. "இயந்திரம் இழைச்சது மங்கலா இருக்கு. உங்க ரெண்டு கோடு மட்டும் பளபளன்னு தெரியுது."

"நின்ன தூணை இழைக்கணுமா? இருபது அடி! நாலு முகம்!"

"ஆமா."

"கழுத்து ஒடிஞ்சு போகும்மா."

"சூப்பு வச்சுத் தரேன்."

யசுஜி சிரித்துக்கொண்டே பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் இரண்டு கையும் கொள்ளுகிற அளவு மோச்சியை அள்ளி, மேலே, நன்றாக மேலே வீசினாள். கீழே எண்பது கைகள் ஒன்றாக உயர்ந்தன.